படம் கூறும் நாட்கணக்கு

கொல்லாமையும் பொய்யாமையும் உடன்பிறந்த அறங்கள் என்றே நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அணுவிரதங்கள் ஐந்தினுள் முதலாவது அது, இரண்டாவது இது. பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் உண்டென்று எனக்குத் தோன்றியதில்லை. நோயாளி ஓர் அறையில் படுத்திருக்க, அவருடைய ஆயுளைப் பற்றி மருத்துவர் கூறிய சொல்லை நெஞ்சில் சுமந்துகொண்டு அடுத்த அறையில் உறவினர் நிற்கும்போதுதான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையைக் கூறினால் அவர் உள்ளம் நோகும், அது இம்சை. கூறாவிடில் அது பொய்மை. இவற்றுள் எது அறம்?

இக்கேள்வியை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. என் தம்பி காஞ்சியில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பைசா பிசகினாலும் இரவெல்லாம் தூங்காதவன். 2018ஆம் ஆண்டு மார்கழியில் அவன் வீட்டுக் கணக்கில் எண்கள் இடம் மாறத் தொடங்கின. சரிகை என்று சொல்ல வந்தவன் வேறேதோ சொல்லிவிட்டு, அது தவறென்று தானே உணர்ந்து விழித்தான். தை மாதம் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் கட்டி. அறுவை முடிந்து, திசுவைச் சோதித்தபின், அது கிளியோபிளாஸ்டோமா என்று தெரிந்தது. மருத்துவர் அவன் பிள்ளைகளைத் தனியே அழைத்து, “ஓராண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், கூடலாம், குறையலாம்” என்றார்.

பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். “அத்தை, அப்பாவிடம் சொல்லலாமா?” என்று பெரியவன் கேட்டான். நான் சற்றும் தயங்காமல், “சொல்ல வேண்டாம்” என்றேன். நான் வெறுமனே சொல்லவில்லை. நூலின் துணைகொண்டே சொன்னேன். சமந்தபத்திர சுவாமிகள் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாய்மை விரதத்தை விளக்கும்போது, பிறருக்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் உரைக்கலாகாது என்று விதித்துள்ளார். அதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தேன். அவர்களும் ஆறுதல் அடைந்தார்கள். ‘கட்டியை எடுத்தாயிற்று, கதிர் வைத்தியம் முடிந்தால் சரியாகிவிடும்’ என்பதே வீட்டில் வழங்கிய சொல்லாயிற்று.

நம் ஊருக்கு இவ்வழக்கம் புதிதன்று. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1968இல் நியூயார்க் சென்று புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு திரும்பி, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரால் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனையும் நடைபெறுகிறது. இருந்தும் நம் வீடுகளில் அந்நோயின் பெயரை நோயாளியின் காதுபட உரைப்பவர் இன்றும் சிலரே.

அறத்தை ஆராயுமுன் மருத்துவர் கூறிய அந்த ‘ஓராண்டு’ எங்கிருந்து வந்தது என்பதை அறிதல் வேண்டும். அதனை அறியாமல் வழங்கிய தீர்ப்பே என்னுடையது.

கிளியோபிளாஸ்டோமா மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகக் கொடியது. அதன் அணுக்கள் ஓரிடத்தில் உருண்டையாக நில்லாமல், மெல்லிய வேர்போல் சுற்றியுள்ள மூளைக்குள் ஊடுருவுகின்றன. எனவே அறுவையில் கண்ணுக்குத் தெரிந்ததை முழுதும் எடுத்தாலும் எஞ்சியது மீண்டும் வளர்கிறது. 2005ஆம் ஆண்டில் ஐரோப்பா, கனடா நாடுகளைச் சேர்ந்த மருத்துவர்கள் 573 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. கதிர் வைத்தியம் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், டெமோசோலமைடு என்னும் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். ஆறு வாரங்களில் 30 முறை கதிர், உடன் மாத்திரை என்ற முறை அதன்பின் உலகெங்கும் நிலைபெற்றது. என் தம்பிக்கும் அதுவே அளிக்கப்பட்டது.

இடைநிலை என்ற சொல்லை நாம் பலரும் தவறாகப் பொருள் கொள்கிறோம். வகுப்பில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் குறித்துக்கொள்வது போன்றதே அது. அதைக் கொண்டு ஐந்தாவதாக நிற்கும் பிள்ளையின் உயரத்தைச் சொல்ல இயலாது. 14.6 மாதம் என்றால், பாதிப் பேர் அதற்குள் மறைந்தனர், பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே பொருள். அதே ஆய்வில் இரு சிகிச்சையும் பெற்றவருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுப் பகுதியில் வேறொரு அரிய புற்றுநோய் கண்டது. அந்நோய்க்கு அப்போது கூறப்பட்ட இடைநிலை ஆயுள் எட்டு மாதம். அவரோ இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002இல்தான் மறைந்தார். எல்லாருக்கும் அப்படி நேரும் என்று கூறுவது மற்றொரு பொய்யாகும். வரிசை நீளமானது, அதில் நம்மவர் நிற்கும் இடம் நமக்குத் தெரியாது என்பதற்கே இதனைக் கூறினேன்.

அந்த இடத்தைப் படத்தைக் கொண்டு அறிய முடியுமா என்பதே இன்றைய அறிவியலாரின் முயற்சி. மூளையைத் திறவாமல் காணும் வாய்ப்பே அரை நூற்றாண்டு வரலாறு உடையதுதான். சி.டி. ஸ்கேன் முதன்முதலாக 1971 அக்டோபரில் இலண்டன் நகரில் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அப்பெண்மணிக்கு மூளையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயமே அதற்குக் காரணம். அதனை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டும், அதற்கான கணித அடிப்படை வகுத்த கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய 1950ஆம் ஆண்டில் இக்கருவிகள் எவையும் இல்லை. மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தியும், இரத்தக் குழாயில் மருந்தேற்றியும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தே அக்கால மருத்துவர் கட்டி இருக்கும் இடத்தை ஊகித்தனர்.

எம்.ஆர்.ஐ. எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதன்று. வலிய காந்தப் புலத்தில் உடலை வைத்து, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களை வானொலி அலையால் அசைத்து, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் குறிப்புகளால் படம் வரைகிறது. காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தினால் இக்கட்டியின் வளரும் விளிம்பு வெண்மையான வளையமாக ஒளிர்கிறது; நடுவே இறந்த திசு கருமையாகத் தெரிகிறது; சுற்றிலும் வீக்கம் படர்ந்திருக்கிறது. இம்மூன்றையும் கணினி பிரித்தறிந்து, அவற்றின் அளவு, வடிவம், இழையமைப்பு ஆகியவற்றை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றுகிறது. பட்டைத் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லும் நம் ஊர் வணிகரைப்போல, மனிதக் கண்ணுக்கு எட்டாத நுட்பங்களை அது தடவிப் பார்க்கிறது எனலாம். முன்னர் வாழ்ந்து மறைந்த நோயாளிகளின் படங்களோடு ஒப்பிட்டு, இவர் எத்துணைக் காலம் வாழ்வார் என்று கணிக்கிறது. இத்துறைக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர்.

இக்கணிப்பு எவ்வளவு மெய்யாகிறது? மூளைக்கட்டிப் படங்களைக் கணினியால் ஆராயும் பிராட்ஸ் என்னும் அனைத்துலகப் போட்டி 2012 முதல் நடைபெற்று வருகிறது. 2017 முதல் 2020 வரை ஆயுட்கணிப்பும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. நோயாளி 10 மாதத்திற்குக் குறைவாக வாழ்வாரா, 10 முதல் 15 மாதம் வாழ்வாரா, அதற்கு மேலும் வாழ்வாரா என்று படத்தையும் வயதையும் கொண்டு கூற வேண்டும். 2018ஆம் ஆண்டுப் போட்டியில் சென்னை ஐ.ஐ.டி. குழுவும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவரோடு இணைந்த நாந்தேடு பொறியியல் கல்லூரிக் குழுவும் பங்குபெற்றன என்பது நமக்குப் பெருமை. ஆயின், ஆயுட்கணிப்பில் அவ்வாண்டு உலகின் முன்னணிக் குழுக்களும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேருக்கே சரியாகக் கூறின. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும் அன்றோ! நோயாளியின் வயதே மிகுந்த பயன் தந்த குறிப்புகளுள் ஒன்றாக இருந்தது. 2021இல் படத்தைக் கொண்டு கட்டியின் மரபணுக் குறிப்பு ஒன்றைக் கூறுமாறு போட்டி வைத்தபோது, முதலிடம் பெற்ற கணிப்பும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானதாக இருந்தது.

படம் மயக்கும் இடமும் உண்டு. கதிர் வைத்தியம் முடிந்த சில வாரங்களில் எடுக்கும் படத்தில் கட்டி பெருத்தது போலத் தோன்றும். அது நோயின் வளர்ச்சியாகவும் இருக்கலாம். சிகிச்சையால் திசு புண்பட்ட அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டும் படத்தில் ஒன்றுபோலவே ஒளிரும். என் தம்பிக்குச் சித்திரையில் எடுத்த படத்தைக் கண்டு நாங்கள் அழுதோம். மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். வைகாசியில் எடுத்த படத்தில் அது குறைந்திருந்தது. ‘படமே தடுமாறும்போது நாம் ஏன் அவனிடம் சொல்ல வேண்டும்?’ என்று என் முடிவுக்கு நான் மேலும் ஒரு காரணம் தேடிக்கொண்டேன்.

இங்கேதான் நான் தவறினேன் என்று இப்போது உணர்கிறேன். நிச்சயமற்ற ஒன்றைக் கூறலாகாது என்று நினைத்தேன். நிச்சயமற்றதை எவ்வாறு கூறுவது என்பதற்கு நம் முன்னோர் ஒரு முறையே வகுத்துத் தந்திருப்பதை மறந்தேன். ஸ்யாத்வாதம் என்பது அதுதானே? ‘ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை’ என்று, எந்த நிலையில் நின்று கூறுகிறோமோ அந்த நிலையையும் சேர்த்துக் கூறும் வாக்கு அது. அதனை வாதத்தில் பிறரை வெல்லும் கருவியாக மட்டுமே நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். நோயாளியின் கட்டிலருகே பேசும் மொழியாகவும் அது இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை. முக்காலமும் ஒருங்கே அறிவது கேவல ஞானம் ஒன்றே. கணினி பெறுவது அனுமானம். அதுவும் பலரைக் கண்டு ஒருவரைப் பற்றிச் செய்யும் அனுமானம். ஜக்கார்டு அட்டையைப் பார்த்தால் நெசவாளர் புடவையின் கரை முழுவதையும் சொல்லிவிடுவார். ஊடை எந்த இடத்தில் அறும் என்று அவரால் சொல்ல இயலாது. ஸ்கேன் படமோ அட்டைகூட அன்று. பாதி நெய்த புடவையின் ஒரு பார்வை. ‘ஓராண்டுதான்’ என்று முடித்துக் கூறுவதும் ஏகாந்தம். ‘ஒன்றுமில்லை, சரியாகிவிடும்’ என்பதும் ஏகாந்தம். நான் முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் விழுந்தேன்.

சமந்தபத்திரர் வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அவருக்குப் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோய் கண்டதென்றும், துறவற ஒழுக்கம் குன்றுமுன் சல்லேகனை மேற்கொள்ள ஆசிரியரிடம் அனுமதி வேண்டினாரென்றும், ஆசிரியர் மறுத்து அவரால் அறம் தழைக்க வேண்டியிருக்கிறது என்றாரென்றும் கதை வழங்குகிறது. அவர் நோய் தீர்ந்த இடம் காசி என்பாரும் உண்டு. நம் காஞ்சியே என்பாரும் உண்டு. அங்குச் சிவாலயத்துப் படையலை உண்டு நோய் நீங்கி, மீண்டும் துறவேற்றார் என்பர். தீராதென்று எண்ணிய நோய் தீர்ந்தது. இது கதையே ஆயினும் அதில் இரு படிப்பினைகள் உள. முடிவைப் பற்றிய கணிப்பு பிழைபடலாம் என்பது ஒன்று. மற்றொன்று, தம் நோயின் தன்மையைத் தாமே அறிந்து, ஆசிரியர் முன் நின்று, ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டவர் சமந்தபத்திரரே என்பது. அவருக்குப் பதிலாக வேறெவரும் அடுத்த அறையில் முடிவு செய்யவில்லை.

கேடு தரும் மெய்யைக் கூறாதே என்ற அதே நூல், பிற்பகுதியில் சல்லேகனையைக் கூறுகிறது. இடையூறு, பஞ்சம், முதுமை, மருந்தில்லா நோய் ஆகியவை வந்துற்றபோது, அன்பையும் பகையையும் பற்றையும் விட்டு, உறவினரையும் ஏவலரையும் மன்னித்து, அவர்களிடம் இன்சொல்லால் மன்னிப்பும் வேண்டித் தூய மனத்தோடு இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அருங்கலச்செப்பின் வாயிலாகத் தமிழிலும் நாம் அந்நெறியைப் பெற்றுள்ளோம். இல்லறத்தார் அனைவரும் அவ்விரதத்தை ஏற்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. ஸ்கேன் படம் அதற்கு அனுமதிச் சீட்டும் ஆகாது. இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதனைத் தற்கொலைக்கு நிகராகக் கூறியதும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நாம் அறிந்தவை. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. விரதம் ஏற்பினும் ஏலாவிடினும், மன்னித்தலும் மன்னிப்பு வேண்டலும் ஒவ்வொருவருக்கும் உரியவை. தனக்கு இறுதி நெருங்குகிறது என்று அறியாதவன் அவற்றை எவ்வாறு செய்வான்?

மற்ற நோய்கள் பலவற்றில் உடல் தேய்ந்தாலும் அறிவு இறுதிவரை விளங்கக் கூடும். இந்நோயோ அறிவின் இருப்பிடத்திலேயே குடிகொள்கிறது. பேச்சும், நினைவும், முடிவெடுக்கும் ஆற்றலும் உயிருக்கு முன்னரே போய்விடலாம். ‘இன்று வேண்டாம், பிறகு சொல்லலாம்’ என்று தள்ளிப்போட்டால், பிறகு சொல்லும்போது கேட்க வேண்டியவர் அங்கு இருக்கமாட்டார். ஆகவே இந்நோயில் தள்ளிப்போடுதல் மறைத்தலேயாகும். எத்தனை நாள் உயிர் வாழ்வார் என்பதைப் படம் திட்டமாகக் கூறாது. ஆனால் தெளிந்த அறிவோடு இருக்கும் நாட்கள் குறுகியவை என்பதைக் கூறப் படமும் திசுச் சோதனையும் போதும். அந்த நாட்கள் நோயாளியின் உடைமை. பிறர் உடைமையை அவர் அறியாமல் எடுத்துக்கொள்வதற்கு நம் அறநூல்கள் என்ன பெயர் வைத்துள்ளன என்பதை நான் கூற வேண்டியதில்லை. கருணை என்று நினைத்து நான் மீறியது இரண்டாம் விரதத்தை மட்டுமன்று, மூன்றாவதையும்தான்.

எவ்வாறு கூறுவது? முதலில் அவரையே கேட்க வேண்டும். “படத்தில் கண்டது பற்றி மருத்துவர் சொன்னதை நீ அறிய விரும்புகிறாயா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் அதனை மதிக்க வேண்டும். அறியாதிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் வேண்டாம் என்று கூற வேண்டியவர் அவர்தாம், நாம் அல்லர். அறிய விரும்பினால், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல், அவர் கேட்கும் அளவுக்குக் கூறலாம். எண்ணைக் கூறினால் அது நடுவில் நிற்பவரின் எண் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். சிகிச்சை உண்டு, வலியையும் துன்பத்தையும் தணிக்கும் மருத்துவம் உண்டு, நாங்கள் உடன் இருக்கிறோம் என்பதையும் கூற வேண்டும். இவ்வாறு கூறப்படும் மெய் கேடு தரும் மெய் ஆகாது. சமந்தபத்திரர் விலக்கியது இதனை அன்று என்றே இப்போது நினைக்கிறேன்.

என் தம்பிக்கும் வந்தவாசிப் பக்கத்தில் வாழும் எங்கள் பெரியப்பா மகனுக்கும் ஒரு கிணற்றுப் பங்கு குறித்துப் பிணக்கு. பதினோர் ஆண்டுகள் பேச்சில்லை. அந்த வைகாசியில் தம்பி நன்றாகவே இருந்தான். ஒருநாள் மாலை என்னிடம், “அக்கா, இந்த ஆண்டு தசலட்சண பர்வம் முடிந்ததும் க்ஷமாவணியன்று நானே ஊருக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றான். க்ஷமாவணிக்கு நான்கு மாதம் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. “இப்போதே போய்விட்டு வா” என்று சொல்ல என் நா எழவில்லை. அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பான். “அப்படியே செய்” என்றேன்.

ஆடியில் அவனுக்குப் பேச்சு போயிற்று. ஆவணியில் பர்வம் முடிந்தபோது, பிள்ளைகள் சொல்லியனுப்ப, அண்ணனே வந்தார். கட்டிலருகே அமர்ந்து, “நான் செய்த பிழையை மன்னித்துக்கொள்” என்று கைகூப்பினார். தம்பி அவர் கையைப் பற்றிக்கொண்டு அவர் முகத்தையே நெடுநேரம் பார்த்தான். அவனுக்கு அவரைத் தெரிந்ததா, சொன்னது விளங்கியதா என்பதை எங்களால் அறிய முடியவில்லை. ஐப்பசியில் அவன் மறைந்தான்.

இப்போது நம் குடும்பங்களில் எவரேனும் இத்தகைய படத்தோடு வந்து, “சொல்லலாமா டீச்சர்?” என்று என்னிடம் கேட்டால், நூல்வழி விடை எதுவும் கூறுவதில்லை. “அவர் எங்கேனும் போக வேண்டும், யாரையேனும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரா?” என்று மட்டும் கேட்கிறேன்.